நிலவும் தீப்பந்தமும்: இரவுத் துறைமுக ஓவியத்தில் மனநிலை எங்கிருந்து வருகிறது

இங்கிலாந்தின் வடகிழக்கில் டைன் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் ஷீல்ட்ஸ் துறைமுகம் இருக்கிறது. அந்தத் துறைமுகத்தின் ஓர் இரவை ஆங்கில ஓவியர் டர்னர் எண்ணெய் வண்ணத்தில் தீட்டி, 1835-இல் லண்டன் ராயல் அகாடமி கண்காட்சியில் வைத்தார். உயரம் 92 செ.மீ., அகலம் 123 செ.மீ. இப்போது வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் உள்ளது. தலைப்பைத் தமிழில் 'நிலா வெளிச்சத்தில் கரி ஏற்றும் கீல்காரர்கள்' எனலாம்.

கீல் என்பது தட்டையான அடியுடைய கரிப்படகு. ஒரு படகு சுமார் 21 டன் நிலக்கரி கொள்ளும். ஆற்றின் மேல்பக்கத்தில் அன்று இருந்த நியூகாசில் பாலத்தின் வளைவுகள் தாழ்வானவை என்பதால் கடற்கப்பல்கள் அதைத் தாண்டி மேலே போக முடியாது. அதனால் மேல்பகுதிக் கரியெல்லாம் இந்தப் படகுகளில் இறங்கி வந்து, முகத்துவாரத்தில் நிற்கும் பாய்க்கப்பல்களுக்கு மண்வாரியால் அள்ளி ஏற்றப்படும். காலை ஓதத்தில் கப்பல் கிளம்ப வேண்டுமென்றால் இரவெல்லாம் வேலை நடக்கும். ஓவியத்தின் வலது பக்கத்தில் நடப்பது அதுதான்: கறுத்த படகுகள், கறுத்த ஆட்கள், ஆரஞ்சும் வெள்ளையுமாக எரியும் தீப்பந்தங்கள். இடது பக்கத்தில் விடியலுக்குக் காத்திருக்கும் கப்பல்கள். நடுவில் ஒன்றுமில்லை, தண்ணீரும் அதன்மேல் நேராக இறங்கும் நிலவொளியும் மட்டும்.

இந்தப் படத்தைப் பார்க்கிறவர்களில் சிலர் அமைதி என்பார்கள், சிலர் உழைப்பின் கடுமை என்பார்கள். இரண்டும் சரி, இரண்டும் ஒரே கணத்தில் நம்மை வந்து சேர்கின்றன. இரவுத் துறைமுகம் வரைகிற பலரும் மனநிலையை இருட்டில் தேடுகிறார்கள். கறுப்பைக் கூட்டினால் ஆழம் வரும், சோகம் வரும் என்ற எண்ணம். டர்னரின் இந்தப் படத்தில் வானம் ஏறக்குறைய பகல்போல வெளிச்சமாக இருக்கிறது. இங்கே உணர்வை உண்டாக்குவது இரண்டு ஒளிகளுக்கு நடுவில் உள்ள உறவு: எது பெரியது, எது சூடு, எது எதை விழுங்குகிறது என்பது.

இதைச் சோதித்துப் பார்க்கலாம். படத்தைத் திரையில் பெரிதாக்கி, வலது மூன்றில் ஒரு பங்கைக் கையால் மறையுங்கள். மிச்சமிருப்பது அழகான, கொஞ்சம் சாதாரணமான நிலாக்காட்சி. இப்போது வலது பங்கை மட்டும் விட்டுவிட்டு மற்றதை மறையுங்கள். கொல்லன் உலைக்களம் போல ஒரு வெக்கை. இரண்டும் சேரும்போதுதான் அந்த வேலை இரவின் பேரளவுக்குள் சிறிதாகி நிற்கிறது. கண் முதலில் நிலவில் போய் நிற்கும், ஒளிப்பாதையில் வழுக்கி அடிவரை வரும், பிறகு பக்கவாட்டில் தீயின் சூடு இழுக்க அங்கே போய் ஆட்களைக் கண்டுபிடிக்கும். மனிதர்களைக் கடைசியில் பார்க்கிறோம், பார்த்த பிறகு அவர்களை விட முடிவதில்லை. படத்தின் மனநிலை இந்த வரிசைதான்.

தீப்பந்தங்கள் நிலவைவிடப் பிரகாசமாக இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றினால் நிலவின் ஒளி தனித்து நிற்கும், தீ பின்வாங்கிவிடும். தீக்குரிய பலம் முழுக்க நிறத்தில் இருக்கிறது. சுற்றிலும் நீலமும் வெள்ளிச் சாம்பலும் பரந்திருப்பதால் கைப்பிடி அளவு ஆரஞ்சு போதுமானதாகிறது. அதே ஆரஞ்சை நிலவளவு வெளிச்சமாக்கி, பரப்பையும் இரண்டு மடங்காக்கியிருந்தால் கப்பல் தீப்பிடித்ததாக நினைத்திருப்போம்.

டர்னர் இந்த ஏற்பாட்டை முதன்முதலில் கையாண்டது 1796-இல், 21 வயதில். ராயல் அகாடமியில் அவர் வைத்த முதல் எண்ணெய் ஓவியம் வைட் தீவின் கரையோரப் பாறைகளுக்கு அருகே இரவில் மீன் பிடிப்பவர்களைக் காட்டுவது. இப்போது டேட் கலைக்கூடத்தில் இருக்கிறது. அங்கேயும் ஒரு நிலவு, ஒரு விளக்கு. அளவு 91.4 x 122.2 செ.மீ. 1835-ஆம் ஆண்டு ஓவியத்தின் அளவேதான் என்று சொல்லிவிடலாம். ஆனால் அது அச்சம் தரும் படம். காரணம் எளிது. மேகங்கள் நிலவைச் சுற்றி வளையமாக இறுகி நிற்கின்றன, ஒளி ஒரு கிணற்றுக்குள் விழுவதுபோல் விழுகிறது, விளக்கு படகுக்குள்ளேயே சுருங்கிக் கிடக்கிறது, படகு அலைமேட்டில் ஏறுகிறது. இரண்டு ஒளிகளும் தனித்தனியே இருட்டால் முற்றுகையிடப்பட்டிருக்கின்றன. 1835-இல் வானம் திறந்துவிட்டது, தண்ணீர் தட்டையாகிவிட்டது, இரண்டு ஒளிகளும் ஒன்றையொன்று பார்க்கின்றன. பொருள்கள் அவையே, அளவு அதுவே, உணர்வு எதிர்த்திசை.

தமிழ்ச் செய்யுள் மரபு நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்கிறது, அந்த நிலத்தில் இருப்பவற்றைக் கருப்பொருள் என்கிறது, அங்கே பிறக்கும் உணர்வை உரிப்பொருள் என்கிறது. நெய்தலுக்கு இரங்கல் என்று கட்டி வைத்திருப்பதுபோல இரவுக் கடற்கரைக்கு ஓவியத்தில் ஒரே உரியைக் கட்ட முடியாது. முதற்பொருள் மாறாமலே உரி மாறுவதை டர்னரின் இந்த இரண்டு படங்களும் காட்டுகின்றன. இங்கே கருப்பொருளின் இடத்தில் இருப்பது ஒளி.

படத்துக்கு வெளியே இருந்து வரும் உணர்வும் உண்டு, அதைத் தனியாக வைத்துப் பார்ப்பது நல்லது. கீல்காரர்களின் தொழில் அப்போதே தேயத் தொடங்கியிருந்தது. கரையிலிருந்து சரிவுக் குழாய்கள் வழியாகக் கரியை நேராகக் கப்பலுக்குள் கொட்டும் முறை பரவியது, அதை எதிர்த்து 1822-இல் அவர்கள் நீண்ட வேலைநிறுத்தம் செய்தார்கள். அடுத்த ஆண்டே, 1823-இல், ஆங்கில ஆறுகளைப் பற்றிய பட வரிசைக்காக டர்னர் இதே ஷீல்ட்ஸ் இரவை நீர்வண்ணத்தில் வரைந்தார். எண்ணெய் ஓவியம் அதன் விரிவு. அதைப் பெற்றவர் மான்செஸ்டர் பஞ்சாலை அதிபர் ஹென்றி மெக்கானல். அதற்கு முந்தைய ஆண்டு அவருக்காக டர்னர் வரைந்த வெயில் காயும் வெனிஸ் காட்சிக்கு இது இணைப்படம். ஓய்ந்த வணிக நகரமும் ஓடிக்கொண்டிருக்கும் தொழில் துறைமுகமும் பக்கத்தில் பக்கத்தில். இதெல்லாம் தெரிந்தவருக்குப் படத்தில் ஒரு விடைபெறல் தெரியும். ஆனால் அது வண்ணத்தில் இல்லை. வண்ணத்தில் இருப்பது இழப்பைப் பற்றிய கவலை இல்லாத ஒரு பிரம்மாண்டம்.

இருட்டில் கண் செய்வது

முழுநிலவு உச்சியில் இருக்கும் தெளிந்த இரவில் தரையில் விழும் வெளிச்சம் கால் லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவுதான். நண்பகல் வெயில் ஒரு லட்சம் லக்ஸ். ஏறக்குறைய நான்கு லட்சம் மடங்கு வித்தியாசம். விழித்திரையில் நிறம் அறியும் கூம்பு செல்களும் மங்கல் வெளிச்சத்துக்கான கோல் செல்களும் இருக்கின்றன. நிலவொளியில் வேலை பெரும்பாலும் கோல் செல்களுக்குப் போய்விடுகிறது. அவை முழுவதும் பழகிக்கொள்ள 20 முதல் 30 நிமிடம் ஆகும். அவற்றுக்குச் சிவப்பு தெரியாது. நீலப்பச்சைப் பக்கம் உணர்வு அதிகம். அதனால் பகலில் சமமாகத் தெரிந்த சிவப்புப் படகும் நீலப் படகும் அந்தியில் பிரிந்துவிடும், சிவப்பு கரியாகும், நீலம் வெளிறி மேலெழும். 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இதைக் கவனித்து எழுதிய செக் அறிஞர் பர்கின்யேயின் பெயராலேயே இந்த விளைவு இன்றும் அழைக்கப்படுகிறது.

நிலவொளி உண்மையில் நீலமானதல்ல. நிலவின் மேற்பரப்பு சூரிய ஒளியைச் சற்றே சிவப்புப் பக்கம் சாய்த்துத்தான் திருப்பி அனுப்புகிறது. நீலம் நம் கண்ணின் வேலை. ஓவியர்கள் இந்த அறிவியலுக்கு முன்பே அதைப் பார்த்து வரைந்தார்கள். ஆனால் இதிலிருந்து எழும் இன்னொரு விஷயத்தை இன்றைய ஓவியங்கள் அடிக்கடி தவறவிடுகின்றன. கூர்மையாகப் பார்க்க உதவும் விழித்திரையின் மையத்தில் கோல் செல்களே கிடையாது. நிலவொளியில் எதை உற்றுப் பார்க்கிறோமோ அதுவே கரைந்துபோகும். மங்கலான நட்சத்திரத்தை நேராகப் பார்த்தால் மறைவதும் ஓரக்கண்ணால் பார்த்தால் தெரிவதும் இதனால்தான்.

ஆகவே இரவுத் துறைமுகத்தில் இரண்டு வகைப் பார்வை கலந்து கிடக்கிறது. விளக்கைச் சுற்றிய சில மீட்டர்களில் கூம்பு செல்கள் விழித்திருக்கின்றன, அங்கே நிறம் உண்டு, கயிற்றின் முறுக்கும் முகத்தின் சுருக்கமும் தெரியும். அதற்கு அப்பால் வடிவம் மட்டும். படம் முழுக்க ஒரே கூர்மையில் வரைந்தால், எவ்வளவு நீலம் பூசினாலும் அது மாலை ஐந்து மணிக்கு நீலக் கண்ணாடி போட்டுப் பார்த்ததுபோல இருக்கும். இரவு வரைவதில் மிக அதிகம் நிகழும் பிழை இதுதான். நிறத்தைத் திருத்திப் பார்த்தும் சரியாகாது, ஓரங்களைக் கரைக்க வேண்டும்.

லீட்ஸ் நகரத்தின் அட்கின்சன் கிரிம்ஷா இந்த விதியைத் தெரிந்தே மீறியவர். ரயில்வே எழுத்தராக இருந்து, பயிற்சிப் பள்ளி எதற்கும் போகாமல் ஓவியரானார். 1880-களில் லிவர்பூல், கிளாஸ்கோ, ஹல் துறைமுகங்களின் இரவுகளை வரைந்து தள்ளினார். டேட்டில் உள்ள 1887-ஆம் ஆண்டு லிவர்பூல் படித்துறைக் காட்சியில் ஒரு பக்கம் பாய்மரக் கம்பங்கள், மறுபக்கம் எரிவாயு விளக்கில் ஒளிரும் கடைகள், நடுவில் மழை நனைத்த தெரு. கம்பங்களின் ஒவ்வொரு கயிறும் எண்ணிவிடலாம்போல் தெளிவு. அதனால் அவருடைய இரவு கண்ணால் கண்ட இரவாக இல்லாமல் நினைவில் துடைத்து வைத்த இரவாகிறது. கடைகளின் மஞ்சள் வெளிச்சம் பக்கத்திலேயே இருந்தும் தெருவில் நடக்கும் உருவங்கள் அதற்குள் போவதில்லை. அவருடைய படங்களின் ஏக்கம் அங்கிருந்து வருகிறது.

விஸ்லர் விட்டுவிட்டவை

கிரிம்ஷாவுக்கு நேரெதிர் லண்டனில் வாழ்ந்த அமெரிக்க ஓவியர் விஸ்லர். 1866-இல் சிலி நாட்டின் வால்பரைசோ துறைமுகத்துக்குப் போனார். ஸ்பெயின் கடற்படை அந்த நகரத்தைக் குண்டுவீசித் தாக்கிய ஆண்டு அது. அவர் வரைந்ததில் போர் இல்லை. நீலத்தில் அசையாமல் நிற்கும் கப்பல்களும் சில தங்கப் புள்ளிகளும் மட்டும். அந்த இரவுப் படம் வாஷிங்டனில் ஃப்ரீர் கலைக்கூடத்தில் இருக்கிறது. பிறகு 1871 முதல் தேம்ஸ் ஆற்றின் இரவுகளை வரிசையாக வரைந்தார். இரவின் உணர்வைத் தரும் இசைத்துண்டைக் குறிக்கும் 'நாக்டர்ன்' என்ற பெயரை அவருக்குச் சொன்னவர் லிவர்பூல் கப்பல் அதிபர் லேலண்ட்.

விஸ்லரின் முறை கற்றுக்கொள்ளத் தகுந்தது. இரவில் படகில் போவார், அல்லது கரையில் நிற்பார். காட்சியை நெடுநேரம் பார்ப்பார். பிறகு அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எது எங்கே இருக்கிறது, எது எதைவிட இருள் என்று உடன் வந்தவரிடம் ஒப்பிப்பார். தவறு இருந்தால் திரும்பிப் பார்த்து மறுபடி ஒப்பிப்பார். சரியான பிறகு வீட்டுக்குப் போய் மறுநாள் வரைவார். நினைவில் தங்காத எதுவும் படத்துக்குள் வராது. அந்தப் படங்களின் மௌனத்துக்கு இந்த வடிகட்டல்தான் காரணம்.

வண்ணத்தை டர்பெண்டைன், லின்சீட் எண்ணெய், கோபால் பிசின் சேர்த்துக் குழம்புபோல் நீர்க்க வைத்துக்கொள்வார். அகலமான பிரஷால் ஒரே இழுப்பில் ஆறு, ஒரே இழுப்பில் வானம். அவ்வளவு நீர்த்த வண்ணம் சாய்ந்த கேன்வாஸில் வழியும் என்பதால் சில சமயம் படத்தைத் தரையில் கிடத்தி வைத்து வரைய வேண்டியிருந்தது. சரியாக வராவிட்டால் மொத்தமாகத் துடைத்துவிட்டு மறுநாள் தொடங்குவார். இப்படி இரண்டு நாளில் முடித்த படத்துக்கு 200 கினி (பழைய ஆங்கிலப் பணம்) விலையா என்று 1878-ஆம் ஆண்டு வழக்கில் கேட்கப்பட்டபோது, வாழ்நாள் முழுவதும் ஈட்டிய அறிவுக்கான விலை அது என்று பதில் சொன்னார். விமர்சகர் ரஸ்கின் மேல் அவர் தொடுத்த அந்த வழக்கில் வென்று கிடைத்த இழப்பீடு ஒரு ஃபார்திங், அதாவது கால் பென்னி.

டர்னருக்கும் விஸ்லருக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு அடிப்பூச்சில் இருக்கிறது. டர்னர் வெள்ளை அடிப்பூச்சின் மேல் வேலை செய்தார். மெல்லிய வண்ணப் படலங்களை ஊடுருவிப் போகும் ஒளி அடியிலுள்ள வெள்ளையில் பட்டுத் திரும்பி வரும். அதனால் அவருடைய இரவு உள்ளிருந்து ஒளிர்கிறது. விஸ்லர் பல இரவுப் படங்களுக்குக் கறுத்த அடிப்பூச்சு போட்டார். இருள் அடியில் தயாராகக் காத்திருக்கும், மேலே நீலத்தை ஒரு மூச்சளவு பூசினால் போதும். அமைதிக்கு அதைவிட நல்ல வழி இல்லை, ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. எண்ணெய் வண்ணம் வயதாக ஆக ஒளிபுகும் தன்மை கூடும். மெல்லிய பூச்சின் அடியில் கறுப்பு இருந்தால் அது ஆண்டுகள் செல்லச் செல்ல மேலே வரும். மேல்பூசிய வார்னிஷின் மஞ்சளும் சேர்ந்தால் நீலம் பச்சையாகிவிடும். 19-ஆம் நூற்றாண்டு இரவு ஓவியங்களில் இன்று நாம் காணும் கனத்த சோகத்தில் ஒரு பகுதி ஓவியர் வைத்தது, ஒரு பகுதி காலம் வைத்தது.

வரையும்போது

60 x 45 செ.மீ. கேன்வாஸை எடுத்துக்கொள்வோம். வண்ணத்தால் காட்டக்கூடிய உச்ச வெள்ளைக்கும் உச்சக் கறுப்புக்கும் உள்ள வித்தியாசம் முப்பது நாற்பது மடங்குதான். உண்மை இரவில் விளக்குக்கும் நிழலுக்கும் உள்ள வித்தியாசம் பல்லாயிரம் மடங்கு. ஆகவே நகலெடுக்க முடியாது, பங்கீடு செய்யத்தான் முடியும். கறுப்பு 1, வெள்ளை 10 என்று டோன் அளவு, அதாவது இருள்-வெளிச்சப் படிகள், வைத்தால் வானம் 4, தண்ணீர் 3, கப்பல் உடல்கள் 2, தூரத்துக் கரை 3-க்கும் 4-க்கும் நடுவில். 5 முதல் 7 வரை ஏறக்குறையக் காலியாகவே விடுங்கள். 8-க்கு மேல் விளக்குகளுக்கும் அவற்றின் பிரதிபலிப்புக்கும் மட்டும். அந்த உச்ச ஒளி மொத்தப் பரப்பில் நூற்றுக்கு இரண்டைத் தாண்டாமல் இருந்தால் நல்லது. இந்தக் கேன்வாஸில் அது 54 சதுர செ.மீ., உள்ளங்கையைவிடச் சிறியது. வெளிச்சம் போதவில்லை என்று தோன்றும்போதெல்லாம் வெள்ளையைக் கூட்டாமல் சுற்றுப்புறத்தை அரைப்படி இறக்கிப் பாருங்கள்.

நிலவின் அளவில் பலரும் ஏமாறுகிறார்கள். வானத்தில் அது அரை டிகிரிதான். 60 செ.மீ. அகலப் படம் 40 டிகிரிக் காட்சியைக் காட்டினால் நிலவின் விட்டம் ஏழரை மில்லிமீட்டர். மூன்று செ.மீ. நிலவு போட்டால் துறைமுகம் பொம்மையாகிவிடும். முழுநிலவு சூரியன் மறையும் நேரத்தில் கிழக்கே எழும், நள்ளிரவில் உச்சிக்கு வரும், விடியலில் மேற்கே இறங்கும். மேற்குக் கடற்கரையில் கடைகள் திறந்திருக்கும் முன்மாலையில் கடல்மேல் தாழ்ந்த முழுநிலவு வரைந்தால், கடலோரத்தில் வாழ்பவர் உடனே பிடித்துவிடுவார்.

டியூபிலுள்ள கறுப்பை இரவுக்கு நேராகப் பயன்படுத்த வேண்டாம். அல்ட்ராமரின் என்ற ஆழ்நீலம் இரண்டு பங்கு, பர்ன்ட் அம்பர் என்ற கரும்பழுப்பு ஒரு பங்கு கலந்தால் ஆழ்ந்த கறுப்பு கிடைக்கும். அம்பரைக் கூட்டினால் சூடு, அல்ட்ராமரினைக் கூட்டினால் குளிர். வானத்தின் கறுப்பும் கப்பலின் கறுப்பும் இப்படிப் பிரிந்தால்தான் காற்று இருப்பதாகத் தோன்றும். பிரஷியன் ப்ளூ ஈரமான பச்சை கலந்த நீலம் தரும், ஆனால் பட்டாணி அளவே ஒரு தட்டு வண்ணத்தைத் தின்றுவிடும். ஐவரி பிளாக்கை அடியில் கெட்டியாகப் பூசுவதைத் தவிர்க்க வேண்டும். அது மெதுவாகக் காய்வது, அதன்மேல் வேகமாகக் காயும் அம்பர் படலம் வந்தால் மேற்பரப்பு வெடிக்கும்.

விளக்கை வெளியிலிருந்து உள்ளே வரைய வேண்டும். முதலில் அதைச் சுற்றிய காற்றை யெல்லோ ஓக்கர் என்ற மண்மஞ்சளும் அம்பரும் கலந்த மெல்லிய பூச்சால் கொஞ்சம் சூடாக்கிக்கொள்ளுங்கள். காய இரண்டு மூன்று நாள் விடுங்கள். பிறகு சிறிய வட்டத்தில் ஆரஞ்சு, அதற்குள் மஞ்சள், கடைசியில் மஞ்சள் தொட்ட வெள்ளையில் கெட்டியாக ஒரே ஒரு புள்ளி. புள்ளியை வைத்த பிறகு தொடக்கூடாது. பலர் வெள்ளையை முதலில் வைத்து அதை வெளிப்புறமாகத் தேய்த்து ஒளிவட்டம் உண்டாக்கப் பார்க்கிறார்கள். நீலத்தில் வெள்ளை தேய்ந்தால் சுண்ணாம்புத் தண்ணீர்போல் ஆகும், வெளிச்சம் ஆகாது. எல்லா விளக்குகளையும் ஒரே அளவில் வைத்தாலும் படம் பண்டிகை அலங்காரமாகிவிடும். ஒன்று தலைமை விளக்கு, இரண்டு மூன்று துணை, மற்றவை மங்கல்.

தண்ணீரில் விழும் ஒளித்தூண் எப்போதும் விளக்குக்கு நேர் கீழே, படத்தின் செங்குத்துத் திசையில்தான் வரும். ஐந்து விளக்குகள் இருந்தால் ஐந்து தூண்களும் இணையாக இறங்கும். விசிறிபோல விரியாது, நிலவின் பாதைக்கும் இதுவே விதி. அசையாத நீரில் விளக்கு நீர்மட்டத்துக்கு மேல் எவ்வளவு உயரமோ அவ்வளவு ஆழத்தில் அதன் உருவம் தெரியும். சிற்றலை வந்தால் அது பார்ப்பவரை நோக்கி நீளும். ஒளி தாழ்வாக இருந்தால் பாதை ஒடுக்கம், உயரே ஏறினால் அகலம். தூணைச் செங்குத்தாக இழுத்துவிட்டு, ஈரம் காயும் முன் சுத்தமான பிரஷால் குறுக்கே சில இடங்களில் மட்டும் உடைக்க வேண்டும். விளக்கு கண்ணைக் கூசி வெள்ளையாகத் தெரியும், அதன் உண்மை நிறம் தண்ணீரில்தான் வெளிப்படும். ஆகவே பிரதிபலிப்பு விளக்கைவிட ஒரு படி இருளாகவும் இரண்டு படி நிறச்செறிவோடும் இருக்கட்டும். இரவுத் துறைமுகத்தில் வண்ணத்துக்கு விடுதலை கிடைக்கும் ஒரே இடம் இது, மனநிலையைத் தீர்மானிப்பதும் பெரும்பாலும் இதுவே. உடையாத தூண் அசைவற்ற காத்திருப்பைச் சொல்கிறது. துண்டுதுண்டான தூண் காற்றைச் சொல்கிறது. நடுவில் கறுப்பாக வெட்டுப்பட்டால் இப்போதுதான் ஒரு படகு கடந்து போயிருக்கிறது.

கப்பல் விளக்குகளுக்கு விதி உண்டு. கப்பலின் இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை, பின்னால் வெள்ளை. நம்மை நோக்கி நேராக வரும் கப்பலில் பச்சை நமக்கு இடதுபுறமும் சிவப்பு வலதுபுறமும் தெரியும். விலகிப் போகும் கப்பலில் பின் வெள்ளை மட்டுமே தெரியும். நங்கூரமிட்ட கப்பலுக்குச் சிவப்பு பச்சை கிடையாது, வெள்ளை மட்டும். ஆக ஒரு சிவப்புப் புள்ளியைச் சேர்ப்பது ஒரு கப்பலைக் கிளப்பிவிடுவதற்குச் சமம். நுழைவாயில் மிதவைகளில் இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் உள்ளே வரும்போது இடப்பக்கம் சிவப்பு, அமெரிக்காவிலும் ஜப்பானிலும் நேர்மாறு. கப்பல் விளக்கு விதிகள் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகே நிலைபெற்றன, ஆகவே டர்னர் காலத்துத் துறைமுகத்தில் இவற்றுக்கு இடமில்லை.

இன்றைய கன்டெய்னர் துறைமுகத்தில் உயர்கம்ப விளக்குகளின் வெளிச்சம் நிலவைத் தோற்கடித்துவிடுகிறது. அங்கே இரண்டு ஒளிகளின் பேச்சு அடிவானத்துப் புகைமஞ்சளுக்கும் உச்சி வானத்து இருளுக்கும் நடுவில் நடக்கிறது, கிரேன்கள் அந்த மஞ்சளின்மேல் நிழலுருவாக நிற்கின்றன. இதை ஃபோனில் படமெடுத்து வரைபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரவு மோடு நிழலையெல்லாம் தூக்கிக் காட்டும், நீண்ட எக்ஸ்போஷர் அலையை வழித்துப் பாலாடையாக்கும், விளக்கின் நிறம் வெளுத்துவிடும். கப்பல்களின் இட அமைப்புக்குப் படம் உதவும். டோனுக்கு விஸ்லர்போல் நேரில் நின்று ஒப்பிப்பதே வழி.

வரையும் இடத்தின் வெளிச்சமும் படத்தைக் கெடுக்கும். கேன்வாஸில் பலத்த விளக்கைப் பாய்ச்சி வரைந்தால் எல்லா வண்ணமும் வெளிறித் தெரியும், கை தானாக இருளைக் கூட்டும், வீட்டுச் சுவரில் மாட்டும்போது ஒன்றும் தெரியாது. மங்கலில் வரைந்தால் எதிர்ப்பிழை. அருங்காட்சியகங்கள் எண்ணெய் ஓவியத்துக்கு 200 லக்ஸ் அளவில் வெளிச்சம் வைப்பது வழக்கம். 4000 கெல்வினுக்கு (விளக்கொளியின் நிறத்தைச் சொல்லும் அளவு) சற்று மேலான வெள்ளை விளக்கில், அந்த அளவை ஒட்டி வரைந்தால் பிறகு ஏமாற்றம் குறையும். மஞ்சள் நிற 2700 கெல்வின் பல்பின் கீழ் நீலங்கள் சாம்பலாகிவிடும், அந்தி நேர ஆரஞ்சு மட்டும் மிஞ்சும்.

பளபளக்கும் வார்னிஷ் பூசிய இரவுப் படம் கறுப்புக் கண்ணாடி. எதிரே ஜன்னல் இருந்தால் துறைமுகத்துக்குப் பதில் ஜன்னலும் பார்ப்பவர் முகமும் தெரியும். மேட் வார்னிஷ் அந்தத் தொல்லையைக் குறைத்தாலும் இருளின் ஆழத்தையும் குறைத்துவிடும். விளக்கை மேலிருந்து, செங்குத்துக்கு 30 டிகிரி சாய்வில் வைப்பது இரண்டுக்கும் நடுவழி. அப்படி வைக்கும்போது கெட்டியாக எழுப்பிய வண்ணத்துக்கு ஒரு கூடுதல் பலனும் கிடைக்கிறது. ஷீல்ட்ஸ் ஓவியத்தில் நிலவையும் நீரில் அதன் பிரதிபலிப்பையும் டர்னர் தடித்த மேடுகளாகப் பூசியிருக்கிறார், தீப்பந்தப் பக்கத்து இருட்டு அவற்றைவிட மெல்லியது. மேலிருந்து வரும் அறை விளக்கை அந்த மேடுகளின் முகடுகள் ஏந்திக்கொள்கின்றன, ஒவ்வொரு முகடும் தன் கீழே மயிரிழை நிழலை விடுகிறது. பார்ப்பவர் இரண்டடி நகர்ந்தால் அந்த நிலவொளியும் நகர்கிறது.